போனில் நெட் வருது... கம்ப்யூட்டரில் மட்டும் வரலையா? ஃபார்மட் போடும் முன் இதைப் பாருங்க!

டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள். போட்டோ, கையெழுத்து, சான்றிதழ்கள் எல்லாமே ஸ்கேன் செய்து வீட்டு கம்ப்யூட்டரில்தான் இருக்கு. ஆன் செய்து பார்த்தால், திரையின் வலது மூலையில் 'நோ இன்டர்நெட்'. ஆனால் அதே வீட்டில், அதே வைஃபையில், போனில் வீடியோ ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது!

இப்படி ஒரு நிலைமை வந்தால் பதற்றத்தில் பலரும் செய்வது மூன்று விஷயங்கள். மோடத்தின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் குண்டூசியை விட்டு அழுத்துவது. கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடி, முதலில் வரும் நம்பருக்கு போன் போடுவது. சிபியு-வைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், 'ஃபார்மட் போட்டுக் கொடுங்க' என்பது.

முதலாவதைச் செய்தால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மற்றவர்களின் நெட்டும் சேர்ந்து நிற்கலாம். இரண்டாவதைச் செய்தால், வங்கிக் கணக்கே காலியாகலாம். மூன்றாவதைச் செய்தால், பல வருடத்து போட்டோக்கள் ஒரே நாளில் அழிந்து போகலாம்.

இத்தனைக்கும் காரணம், கழன்று கிடக்கும் ஒரு ஒயராகவோ, தப்பாக ஓடும் தேதியாகவோ இருக்கக்கூடும். எந்த இடத்தில் கோளாறு என்று தெரிந்த பிறகுதான் கை வைக்கணும். அதை வரிசையாக எப்படிக் கண்டுபிடிப்பது? விண்டோஸ் 10, விண்டோஸ் 11 பயன்படுத்துவோருக்கான முழு விளக்கம் இதோ.

அவசர வேலையா? முதலில் போனையும் கேபிளையும் எடுங்க!

கடைசி நாள், கடைசி மணி நேரம் என்றால் ரிப்பேரில் இறங்காதீங்க. முதலில் வேலையை முடிங்க. அதற்கு போன் சார்ஜர் கேபிள் ஒன்று போதும்.

ஆண்ட்ராய்டு போனை கேபிள் மூலம் கம்ப்யூட்டரின் யுஎஸ்பி போர்ட்டில் சொருகுங்கள். போன் செட்டிங்ஸில் 'ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங்' பகுதிக்குப் போய், 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். சில நொடிகளில் கம்ப்யூட்டர் அதைப் புதிய நெட் இணைப்பாக எடுத்துக்கொள்ளும்.

அந்த ஆப்ஷன் மங்கலாகவே இருந்தால், கேபிளை மாற்றிப் பாருங்கள். சில கேபிள்கள் சார்ஜ் ஏற்ற மட்டும்தான் பயன்படும், டேட்டா போகாது. ஐபோன் என்றால், அதற்கான ஆப்பிள் மென்பொருள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்க வேண்டும்.

பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இன்னொரு வசதியும் உண்டு. போன் வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும்போது யுஎஸ்பி டெதரிங் போட்டால், அந்த வைஃபை நெட்டே கேபிள் வழியாக கம்ப்யூட்டருக்குப் போகும். மொபைல் டேட்டா தீராது. மொபைல் டேட்டாவில்தான் ஓட்டணும் என்றால், விண்டோஸ் அப்டேட் டேட்டாவை விழுங்கிவிடாமல் இருக்க, அந்த இணைப்பின் செட்டிங்ஸில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்துவிடுங்கள்.

அதுவும் முடியவில்லையா? தேவையான ஃபைல்களைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு அருகில் உள்ள இ-சேவை மையத்துக்கோ, பிரவுசிங் சென்டருக்கோ கிளம்பிவிடலாம். கம்ப்யூட்டர் எங்கேயும் ஓடிப்போகாது, நாளைக்குப் பார்த்துக்கலாம்.

இந்த டெதரிங், கோளாறைக் கண்டுபிடிக்கவும் உதவும். போன் கேபிளில் நெட் வந்துவிட்டால், கம்ப்யூட்டரின் பிரவுசரும் விண்டோஸும் நலமாகவே இருக்கின்றன என்று அர்த்தம். கோளாறு லேன் கேபிளிலோ, போர்ட்டிலோ, வைஃபை டாங்கிளிலோ, அவற்றின் செட்டிங்கிலோதான். போன் கேபிள் போட்டும் தளங்கள் திறக்கவில்லை என்றால், கம்ப்யூட்டருக்குள்தான் ஏதோ ஒரு செட்டிங் தடுக்கிறது.

நெட் அறுவது எந்த இடத்தில்?

நம் கம்ப்யூட்டருக்கு ஒரு இணையதளம் வந்து சேர மூன்று கண்ணிகள் சரியாக இருக்கணும். கம்ப்யூட்டருக்கும் வீட்டு மோடத்துக்கும் நடுவே இருப்பது முதல் கண்ணி. மோடத்துக்கும் நெட் தரும் நிறுவனத்துக்கும் நடுவே இருப்பது இரண்டாவது. இந்த இரண்டும் சரியாக இருந்தும், கம்ப்யூட்டருக்குள் பிரவுசர் சரியான முகவரியைத் தேடிப் போய்ச் சேர்வது மூன்றாவது.

திரையில் பார்த்தால் மூன்றுக்கும் ஒரே பதில்தான்: 'நெட் இல்லை'. ஆனால் மருந்து வேறு வேறு.

இரண்டாவது கண்ணியை ஒரே நிமிடத்தில் சோதித்துவிடலாம். போனில் மொபைல் டேட்டாவை ஆஃப் செய்துவிட்டு, வைஃபையில் மட்டும் ஒரு புதிய தளத்தைத் திறந்து பாருங்கள். மொபைல் டேட்டாவை ஆஃப் செய்வது ரொம்ப முக்கியம். வைஃபையில் நெட் செத்துப்போனால், பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். 'போனில் வருதே' என்று நாமும் ஏமாந்துவிடுவோம்.

அப்படிச் சோதித்து, போனிலும் வரவில்லை என்றால் கம்ப்யூட்டர் நிரபராதி. மோடத்தைப் பாருங்கள்.

மோடத்தில் சிவப்பு விளக்கா? இதுதான் அர்த்தம்

இப்போது பல வீடுகளில் இருப்பது ஃபைபர் இணைப்பு. அந்த மோடத்தில் 'பான்' என்று ஒரு விளக்கும், எல்-ஓ-எஸ் என மூன்று எழுத்து போட்ட ஒரு விளக்கும் இருக்கும். பான் விளக்கு பச்சையில் நிலையாக எரிந்தால் நல்லது. எல்-ஓ-எஸ் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ, மின்னினாலோ ஃபைபர் வழியாக வர வேண்டிய ஒளி வரவில்லை என்று பொருள்.

தெருவில் பள்ளம் தோண்டியபோது ஒயர் அறுந்திருக்கலாம். கம்பத்திலிருந்து வரும் ஒயரை அணில் கடித்திருக்கலாம். பீரோவை நகர்த்தும்போது மெல்லிய ஃபைபர் ஒயர் மடங்கியிருக்கலாம். ஃபைபர் ஒயருக்குள் கண்ணாடி இழைதான் இருக்கிறது. செம்புக் கம்பி போல அதை மடக்கினால் தாங்காது. வீட்டுக்குள் மடங்கியிருந்தால் நிமிர்த்திப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் நிறுவனத்திடமோ, கேபிள்காரரிடமோ 'சிவப்பு லைட் எரியுது' என்று சொல்லிவிடுங்கள். அவர்கள்தான் வரணும். ஃபைபரைக் கழற்றி அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

சிவப்பு விளக்கு இல்லை, ஆனாலும் எந்தக் கருவியிலும் நெட் வரவில்லை என்றால் மோடத்தின் சுவிட்சை ஆஃப் செய்து, 30 நொடி கழித்து ஆன் செய்யுங்கள். முழுதாக உயிர் பெற இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதுவரை பொறுமையாக இருங்க.

லேன் கேபிளில் லைட் எரியுதா?

போனில் வைஃபை நன்றாக வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை என்றால் சந்தேகம் முதல் கண்ணி மேல்தான். கேபிள் போட்ட கம்ப்யூட்டர் என்றால், சிபியு-வின் பின்பக்கம் லேன் கேபிள் சொருகியிருக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே பச்சையிலோ, ஆரஞ்சிலோ சின்ன விளக்கு எரியணும், இல்லையென்றால் மினுக்கணும்.

விளக்கே இல்லை என்றால் மின்சாரத் தொடர்பே இல்லை. செட்டிங்ஸுக்குள் போய்த் தேட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. இந்த வரிசையில் பாருங்கள்:

* கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி, 'கிளிக்' என்று சத்தம் கேட்கும்படி மறுபடி சொருகுங்கள். முனையில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் கேபிள் பார்க்க உள்ளே இருப்பது போலவே இருக்கும், ஆனால் தொடர்பு இருக்காது.

* மோடத்தில் வேறொரு லேன் போர்ட்டில் மாற்றிச் சொருகிப் பாருங்கள்.

* தனி ரவுட்டர் வைத்திருந்தால், வெளியிலிருந்து நெட் உள்ளே வரும் 'வான்' போர்ட்டில் கம்ப்யூட்டர் கேபிள் மாறிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஆயுத பூஜைக்குத் துடைத்து வைத்த பிறகு நெட் போன வீடுகளில் இதுதான் நடந்திருக்கும்.

* வேறு கேபிள் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். அல்லது அதே கேபிளை ஒரு லேப்டாப்பில் சொருகுங்கள். லேப்டாப்பில் வந்தால் கேபிளும் மோடமும் நலம். கோளாறு கம்ப்யூட்டர் பக்கம்.

கேபிளுக்குள் மொத்தம் 8 கம்பிகள், அதாவது 4 ஜோடி. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 2 ஜோடி போதும். 1,000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 4 ஜோடியும் வேணும். எனவே எலி ஒரு கம்பியை மட்டும் கடித்திருந்தால், நெட் நிற்காமல் வேகம் மட்டும் 100-க்கு இறங்கிவிடலாம். 'பெரிய பிளான் போட்டும் ஸ்பீடு வரலையே' என்பவர்கள் கேபிளையும் சந்தேகப்படலாம். ஒரே கேபிளாக 100 மீட்டருக்கு மேல் இழுப்பதும் நல்லதல்ல.

இடி, மின்னல் அடித்த மறுநாள் விளக்கு எரியவில்லை, எந்தக் கேபிள் போட்டும் பயனில்லை என்றால் லேன் போர்ட் கருகியிருக்க வாய்ப்பு உண்டு. அதற்காக மதர்போர்டையே மாற்ற வேண்டியதில்லை. யுஎஸ்பி-யில் சொருகும் லேன் அடாப்டர் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. 'போர்டு போச்சு சார்' என்று யாராவது சொன்னால், அதை வாங்கிப் போட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

வைஃபை டாங்கிள் போட்டிருக்கீங்களா?

பல டெஸ்க்டாப்களில் வைஃபை உள்ளேயே வராது. யுஎஸ்பி டாங்கிள் போட்டிருப்போம். உங்கள் வைஃபை பெயரே பட்டியலில் இல்லை என்றால், அது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையா என்று பாருங்கள். விலை குறைந்த பழைய டாங்கிள்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். மோடத்தில் அதை யாராவது ஆஃப் செய்திருந்தால், போனுக்குத் தெரியும் வைஃபை கம்ப்யூட்டரின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டும் சரி, ஆனால் இணையவில்லையா? புதிய மோடங்களில் இருக்கும் 'டபிள்யூபிஏ 3' பாதுகாப்பு பழைய டாங்கிளுக்குப் புரியாது. மோடம் செட்டிங்கில் 'டபிள்யூபிஏ 2, டபிள்யூபிஏ 3' இரண்டும் சேர்ந்த ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். வைஃபை பாஸ்வேர்டை சமீபத்தில் மாற்றியிருந்தால், கம்ப்யூட்டரில் அந்தப் பெயரை 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டு, புதிதாக இணையுங்கள்.

டாங்கிளை எங்கே சொருகுகிறோம் என்பதும் முக்கியம். சிபியு-வின் பின்பக்கம், இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே மாட்டினால் சிக்னல் திணறும். அதோடு, யுஎஸ்பி 3.0 போர்ட்டிலிருந்து கிளம்பும் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும் என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. சின்ன யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு, டாங்கிளை மேசை மேல் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

ஷட் டவுன் வேறு... ரீஸ்டார்ட் வேறு!

'ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன், அப்பவும் வரலை' என்பார்கள். இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கு. விண்டோஸ் 8 காலத்திலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி உண்டு. அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் உள்பகுதி முழுதாக மூடப்படாது. இருந்த நிலையை அப்படியே வட்டில் எழுதி வைத்துவிட்டு, மறுபடி ஆன் செய்யும்போது அதையே எடுத்துக்கொள்ளும். உள்ளே குழம்பிப் போயிருந்த நெட்வொர்க் டிரைவரும் அதே குழப்பத்தோடு எழுந்து வரும்.

ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அதனால் ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால், ஷட் டவுன் செய்து, சுவரில் சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பிறகு சிபியு-வின் பவர் பட்டனை 15, 20 நொடி அழுத்திப் பிடியுங்கள். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் லேன் பகுதிக்கு மின்சாரம் கொஞ்சம் போய்க்கொண்டேதான் இருக்கும். அந்த மிச்சத்தையும் வடித்துவிட்டால், அது முழுதாக அணைந்து புதிதாக எழும்.

யாராவது ஆஃப் செய்துவிட்டார்களா?

அடுத்து, விண்டோஸுக்குள் பார்க்கலாம். செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதியில் ஏர்பிளேன் மோடு ஆனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கீபோர்டில் தெரியாமல் கைபட்டாலே ஆன் ஆகிவிடும்.

பிறகு ஸ்டார்ட் பட்டன் மேல் மவுஸின் வலது கிளிக் செய்து, 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதை விரியுங்கள். உங்கள் லேன் அல்லது வைஃபை பெயர் மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால், அது ஆஃபில் இருக்கு. வலது கிளிக் செய்து 'எனேபிள்' கொடுத்தால் போதும். மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் கோளாறு.

நேற்று வரை வந்த நெட், அப்டேட் ஆன பிறகு நின்றுவிட்டதா? அதே இடத்தில் பெயரை டபுள் கிளிக் செய்து, 'டிரைவர்' பகுதியில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்தால் பழைய டிரைவருக்குத் திரும்பலாம். அது மங்கலாக இருந்தால், 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸே மறுபடி அதை நிறுவிக்கொள்ளும். ஆனால் அப்போது வரும் பெட்டியில் 'டிரைவரையும் நீக்கு' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடாதீங்க. கையில் வேறு டிரைவர் இல்லாமல் அதை நீக்கினால், டவுன்லோடு செய்ய நெட்டும் இருக்காது.

பட்டியலில் லேன் பெயரே இல்லையா? விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் வரும் பெட்டியில், ஆங்கிலத்தில் எம்-எஸ்-ஐ-என்-எஃப்-ஓ-32 என இடைவெளி இல்லாமல் தட்டச்சு செய்து என்டர் கொடுங்கள். உங்கள் மதர்போர்டின் மாடல் தெரியும். அந்தத் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்திலிருந்தே லேன் டிரைவரை போனில் டவுன்லோடு செய்து, கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்கு மாற்றி நிறுவலாம்.

'விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, அதான் நெட் வரலை' என்று சொல்பவர்களும் உண்டு. அது தவறு. மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ல் முடித்துக்கொண்டது உண்மை. வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றதால் ஆபத்து கூடும் என்பதும் உண்மை. ஆனால் அதற்காக நெட் இணைப்பு துண்டிக்கப்படாது.

169.254 என்று வருதா? அதுதான் துப்பு!

விளக்கு எரிகிறது, அடாப்டரும் ஆனில் இருக்கிறது, ஆனாலும் நெட் இல்லையா? விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் அழுத்தி, சி-எம்-டி என்று தட்டச்சு செய்து என்டர் கொடுங்கள். திறக்கும் கறுப்புத் திரையில் ஐ-பி-சி-ஓ-என்-எஃப்-ஐ-ஜி என்ற எழுத்துகளைச் சேர்த்து அடித்து, என்டர் தட்டுங்கள். பயப்பட வேண்டாம், இது எதையும் மாற்றாது, காட்ட மட்டும்தான் செய்யும்.

அதில் 'ஐபிவி4 அட்ரஸ்' என்ற வரியைப் பாருங்கள். வீட்டு மோடம், தன்னிடம் வரும் ஒவ்வொரு கருவிக்கும் டோக்கன் போல ஒரு நம்பர் கொடுக்கும். பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும். அப்படி இருந்தால் கம்ப்யூட்டரும் மோடமும் பேசிக்கொள்கின்றன. முதல் கண்ணி சரி.

அதற்குப் பதிலாக 169.254 என்று தொடங்கினால், 'டோக்கன் கேட்டேன், யாரும் கொடுக்கலை, நானே ஒரு நம்பரை எழுதிக்கிட்டேன்' என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. அந்த நம்பரை வைத்துக்கொண்டு வெளியே போக முடியாது. கேபிள் பாதி வேலை செய்தாலோ, மோடம் குழம்பியிருந்தாலோ இப்படி வரும். கேபிளை மாற்றி, மோடத்தை ஒரு முறை ஆஃப் செய்து ஆன் செய்தாலே பல நேரங்களில் சரியாகிவிடும்.

நம்பர் 192.168-ல் தொடங்கினாலும், யாராவது அதைக் கையால் எழுதி வைத்திருந்தால் சிக்கல் வரலாம். மோடத்தை மாற்றிய பிறகு நெட் நின்ற வீடுகளில் இதைக் கட்டாயம் பார்க்கணும். பழைய மோடத்துக்காக எழுதிய நம்பர் புதிய மோடத்துக்குப் பொருந்தாது. செட்டிங்ஸில் உங்கள் இணைப்பைத் திறந்து, 'ஐபி அசைன்மென்ட்' என்பதை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றிவிடுங்கள்.

எல்லாம் சரி... பிரவுசரில் மட்டும் வரலையா?

அதே கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் பி-ஐ-என்-ஜி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று தட்டி என்டர் கொடுங்கள். இது கூகுளின் பொதுச் சேவை ஒன்றின் முகவரி. 'ரிப்ளை' என்று வரிசையாகப் பதில் வந்தால், உங்கள் கம்ப்யூட்டர் வெளி உலகத்தைத் தொட்டுவிட்டது. முதல் இரண்டு கண்ணியும் நலம். கோளாறு மூன்றாவதில்.

இணையதளத்தின் பெயரை நம்பராக மாற்றித் தரும் டெலிபோன் டைரக்டரி மாதிரி ஒன்று உண்டு. அதற்கு டிஎன்எஸ் என்று பெயர். அது கிடைக்கவில்லை என்றால் நெட் இருந்தும் எந்தத் தளமும் திறக்காது. இணைப்பின் செட்டிங்ஸில் 'டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்' என்பதை 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது என்றால், 'மேனுவல்' ஆக்கி, ஐபிவி4 பகுதியில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்துப் பாருங்கள்.

அடுத்த சந்தேகம், 'பிராக்ஸி'. அலுவலக மென்பொருளோ, விபிஎன்-னோ, சில நேரம் வைரஸோ இதை ஆன் செய்துவிட்டுப் போயிருக்கும். 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதியில் 'பிராக்ஸி' திறந்து, 'மேனுவல் பிராக்ஸி' ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள். விபிஎன் இருந்தால் அதையும் துண்டித்துவிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது சந்தேகம்தான் யாரும் யோசிக்காதது: தேதி! பல வருடம் பழைய கம்ப்யூட்டரில், மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்துபோயிருக்கும். கரண்ட் போய் வந்தாலே தேதி பல வருடம் பின்னால் போய்விடும். பாதுகாப்பான தளங்கள் எல்லாம் ஒரு சான்றிதழைக் காட்டும். அதன் செல்லுபடி தேதியை பிரவுசர் சரிபார்க்கும். கம்ப்யூட்டரின் தேதி தப்பாக இருந்தால், 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சொல்லி எல்லாத் தளத்தையும் மறித்துவிடும். தேதி, நேரத்தைக் கையால் சரிசெய்துவிட்டு பிரவுசரை மூடித் திறங்கள். மறுநாளும் தேதி மாறினால், பேட்டரியை மாற்றுங்கள். அதன் விலை ரொம்பக் குறைவு.

எதுவுமே பலிக்கவில்லை என்றால் கடைசி ஆயுதம், 'நெட்வொர்க் ரீசெட்'. விண்டோஸ் 11-ல் 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்' உள்ளே இருக்கும். விண்டோஸ் 10-ல் 'ஸ்டேட்டஸ்' பக்கத்தின் கீழே இருக்கும். இது நெட் தொடர்பான செட்டிங்குகளை மட்டும்தான் புதிதாக்கும். உங்கள் போட்டோ, ஃபைல் எதையும் தொடாது. ஆனால் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளைக் கையில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விபிஎன் இருந்தால் மறுபடி அமைக்க வேண்டியிருக்கும்.

இதை மட்டும் செய்யாதீங்க!

மோடத்தின் குண்டூசி ஓட்டையை அழுத்தாதீங்க: அதுதான் ரீசெட் பட்டன். ஆஃப் செய்து ஆன் செய்வது வேறு, ரீசெட் வேறு. பல இணைப்புகளில் நிறுவனம் கொடுத்த யூசர் நேமும் பாஸ்வேர்டும் மோடத்துக்குள் பதிவாகி இருக்கும். ரீசெட் செய்தால் அதுவும் அழிந்து, வீட்டில் யாருக்கும் நெட் இல்லாமல் போகலாம்.

கூகுளில் கிடைத்த நம்பருக்குப் பேசாதீங்க: கஸ்டமர் கேர் என்ற பெயரில் போலி நம்பர்களை மோசடிக் கும்பல்கள் தேடல் முடிவுகளில் வர வைக்கின்றன. 'உங்க சிஸ்டத்தை நாங்களே பார்த்துச் சரி செய்றோம், இந்த ஆப்பை டவுன்லோடு பண்ணுங்க' என்பார்கள். அந்த ஆப் வழியாகத் திரை அவர்கள் கைக்குப் போய்விடும். பிறகு 10 ரூபாய் கட்டச் சொல்லி, நீங்கள் அடிக்கும் ஓடிபி வரை பார்ப்பார்கள். நிறுவனத்தின் நம்பரை பில்லிலோ, அதிகாரபூர்வ ஆப்பிலோ மட்டும் எடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

ஃபார்மட்டில் தொடங்காதீங்க: அறுந்த கேபிள், கருகிய போர்ட், ஃபைபர் கோளாறு எதையுமே ஃபார்மட் சரிசெய்யாது. சி டிரைவில், டெஸ்க்டாப்பில் வைத்திருக்கும் ஃபைல்கள்தான் போகும். வேறு வழியே இல்லை என்றாலும், பேக்கப் எடுத்த பிறகுதான் சம்மதிக்கணும்.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்...

இவ்வளவும் பார்த்தும் வரவில்லை என்றால், கூப்பிட வேண்டியதுதான். அதில் தப்பில்லை. ஆனால் 'நெட் வரலை' என்று மட்டும் சொல்லாதீங்க. இந்த ஐந்து கேள்விக்குப் பதிலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

* மொபைல் டேட்டாவை ஆஃப் செய்த போனில், வைஃபையில் நெட் வருதா?

* லேன் போர்ட்டில் விளக்கு எரியுதா?

* யுஎஸ்பி டெதரிங் போட்டால் கம்ப்யூட்டரில் தளங்கள் திறக்குதா?

* ஐபி நம்பர் 192.168-ஆ, 169.254-ஆ?

* 8.8.8.8-க்குப் பதில் வருதா?

வைஃபையில் போனுக்கும் நெட் இல்லை என்றால் கூப்பிட வேண்டியது நெட் கொடுக்கும் நிறுவனத்தை. போனுக்கு வந்து, கம்ப்யூட்டருக்கு மட்டும் இல்லை என்றால் கம்ப்யூட்டர் மெக்கானிக்கை. ஆள் மாற்றிக் கூப்பிட்டால், 'எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு' என்று இரண்டு பேருமே சொல்லிவிட்டுப் போவார்கள். வந்து பார்த்த கட்டணத்தை மட்டும் நாம்தான் கொடுக்கணும். பதில்கள் கையில் இருந்தால், கருகிய போர்ட்டுக்கு அடாப்டர் போதுமா, போர்டையே மாற்றணுமா என்று நீங்களே எதிர்க்கேள்வி கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. விண்ணப்பம், கவுன்சலிங் போன்ற வேலைகளுக்கான ஃபைல்களை கம்ப்யூட்டரில் மட்டும் வைக்காமல், போனிலோ பென்டிரைவிலோ ஒரு பிரதி போட்டு வையுங்கள். கடைசி நாளில் கம்ப்யூட்டர் கைவிட்டாலும், விண்ணப்பம் கைவிட்டுப் போகாது.